தேன் நெல்லியும் 17 சதவீத ஈரமும்

காவிரி டெல்டாவில் நெல் விற்கப் போகிற எவருக்கும் மனப்பாடமான எண் ஒன்று உண்டு: 17. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு பிடி நெல்லை எடுத்து ஈரப்பதமானியில் போட்டுப் பார்ப்பார்கள். 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால், காயவைத்து எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். குறுவை அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டால் சாலையெல்லாம் நெல் பரந்து கிடக்கும். ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கைகள் எழும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். இத்தனையும் அந்த ஓர் எண்ணைச் சுற்றித்தான். நெல்லைப் பல மாதம் இருப்பு வைக்க வேண்டுமென்றால் 17 கூடப் போதாது, 14-க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மூட்டை சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுக்கும்.

அதே மானி தேனை அளக்குமென்று வைத்துக்கொள்வோம். நல்ல தேனில் இருக்கும் நீர் 17, 18 சதவீதம். கொள்முதல் நிலையத்தில் தேன் தேறுவதே சந்தேகம். ஆனால் மூடி இறுக்கமாக இருந்தால் அது ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. உலர்திராட்சையிலும் 15 முதல் 18 சதவீதம் வரை நீர் இருக்கிறது, அதுவும் கெடுவதில்லை. ஒரே அளவு ஈரம் நெல்லைக் கெடுக்கிறது, தேனை ஒன்றும் செய்வதில்லை. ஏன்?

விடை தேட ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு கிலோ பெருநெல்லி, முக்கால் கிலோ சர்க்கரை, வெயில் விழும் மொட்டைமாடி, இவை போதும். பழம் எத்தனையோ இருக்க நெல்லியை எடுத்துக்கொள்வதற்கு உள்ளூர்க் காரணம் ஒன்றும் உண்டு. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலை, அறுபடை வீடுகளில் நான்காவது. அறுபது தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கிய 60 படிகள் ஏறிச் சுவாமிநாதரைக் கும்பிடும் அந்தக் கோயிலின் தலமரம் நெல்லி.

எவ்வளவு நீர் என்பதல்ல கேள்வி

உணவைக் கெடுப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்கும் நீர் வேண்டும். ஆனால் உணவில் உள்ள நீர் முழுவதும் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஒரு பகுதி சர்க்கரையோடும் உப்போடும் பிணைந்து கிடக்கிறது. எஞ்சியதைத்தான் பாக்டீரியாவும் பூஞ்சையும் உறிஞ்ச முடியும். இந்த வேறுபாட்டை உணவு நுண்ணுயிரியலில் எண்ணாக்கி நிலைநிறுத்தியவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானி டபிள்யூ. ஜே. ஸ்காட். உணவை நஞ்சாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை வைத்து 1953-ல் அவர் வெளியிட்ட ஆய்வு, பார்க்க வேண்டியது நீரின் அளவை அல்ல, 'நீர்ச் செயல்பாடு' என்ற அளவீட்டை என்று காட்டியது.

தூய நீரின் நீர்ச் செயல்பாடு 1. நீரே கைக்கு எட்டாத நிலை 0. பறித்த பழம் 0.97-க்கு மேல் இருக்கும். 0.91-க்குக் கீழே இறங்கினால் உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை வளர்வதில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் 0.86 வரை தாக்குப்பிடிக்கும். 0.80-க்குக் கீழே பெரும்பாலான பூஞ்சைகளும் ஓய்ந்துவிடும். சர்க்கரையில் வாழப் பழகிய சில ஈஸ்ட்களும் வறட்சி தாங்கும் சில பூஞ்சைகளும் 0.61 வரை வரும். அதற்கும் கீழே எதுவும் வளர்வதில்லை.

இப்போது புதிர் அவிழ்கிறது. நெல்லில் உள்ள மாவுச்சத்து நீரில் கரைவதில்லை, நீரை ஓரளவே பிடித்துவைக்கிறது. அதனால் 17 சதவீத ஈரமுள்ள நெல்லின் நீர்ச் செயல்பாடு 0.80-ஐத் தாண்டி நிற்கிறது. பூஞ்சைக்கு அது போதும். 14 சதவீதத்தில் அது 0.70-க்கு அருகே இறங்குகிறது. தேனிலோ நூற்றில் எண்பது பங்கு சர்க்கரைகள், எல்லாம் கரைந்த நிலையில். அதே 17 சதவீத நீர் அங்கே அவற்றோடு கட்டுண்டு கிடப்பதால் நீர்ச் செயல்பாடு 0.60-ஐ ஒட்டியே இருக்கிறது.

ஆக, பதப்படுத்துவது என்றால் நீரை முழுக்க விரட்டுவது என்று பொருளல்ல. விரட்ட முடிந்ததை விரட்டி, மீந்ததைக் கட்டிப்போட்டால் போதும். இரண்டும் சேர்ந்து நடப்பதால்தான் பாகில் ஊறி வெயிலில் காய்ந்த தேன் நெல்லி கடிக்க மென்மையாகவும் இருக்கிறது, கெடாமலும் இருக்கிறது.

சர்க்கரையும் உப்பும்

1748-ல் பிரான்சில் நொல்லே என்ற பாதிரியார் ஒரு பாத்திரத்தில் மதுசாரத்தை நிரப்பி, வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டி நீருக்குள் அமிழ்த்தினார். நீர் உள்ளே புகுந்து சவ்வு உப்பியது. சவ்வூடு பரவலுக்குக் கிடைத்த முதல் தெளிவான சான்று அது. ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் கழித்து, கரைசலின் சவ்வூடு அழுத்தத்தைத் தீர்மானிப்பது அதில் எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்பதே என்று வாண்ட் ஹாஃப் நிறுவினார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் அவருக்குத்தான் போனது.

துகள்களின் எண்ணிக்கைதான் கணக்கு என்றால், சர்க்கரையைவிட உப்பு மிகவும் வல்லது. சர்க்கரை மூலக்கூறின் எடை 342, உப்பினுடையது 58.5. போதாததற்கு, கரையும்போது உப்பு இரண்டு அயனிகளாகப் பிரிகிறது. எடைக்கு எடை பார்த்தால் சர்க்கரையைவிட ஏறத்தாழ 12 மடங்கு துகள்கள். நீர்ச் செயல்பாட்டை 0.86-க்குக் கொண்டுவர, கரைசலின் எடையில் 18 சதவீதம் உப்பு இருந்தால் போதும். சர்க்கரையானால் 65 சதவீதம் வேண்டும். மோர்மிளகாய்க்கும் சுண்டைக்காய் வற்றலுக்கும் கைப்பிடிக் கணக்கில் உப்பு போட, தேன் நெல்லிக்குக் கிலோ கணக்கில் சர்க்கரை கொட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

சர்க்கரைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 2 கிலோ சர்க்கரையைத்தான் கரைக்கும். அந்த நிறைவுற்ற பாகின் நீர்ச் செயல்பாடு 0.85. அதற்கு மேல் கொட்டுவது அடியில் படியும். 0.85 பாக்டீரியாவைத் தடுக்கும், பூஞ்சையைத் தடுக்காது. பாகு மட்டும் போதாமல் மாடி வெயிலும் தேவைப்படுவது அதனால்தான்.

அவிப்பதும் ஊறவைப்பதும்

பெருநெல்லியைக் கழுவி, ஈரம் துடைத்து, இட்லிப் பானைத் தட்டில் பரப்பி எட்டுப் பத்து நிமிடம் ஆவியில் வேகவைக்க வேண்டும். மேலே தெரியும் ஆறு கோடுகளிலும் காய் வெடித்து, விரலால் அழுத்தினால் சுளை சுளையாகப் பிரிந்து கொட்டை தனியே வரும்.

வேகவைப்பது மென்மைக்கு மட்டுமல்ல. உயிருள்ள செல்லின் சவ்வு நீரை விடும், சர்க்கரையை எளிதில் உள்ளே விடாது. பச்சைச் சுளையைச் சர்க்கரையில் புரட்டினால் நீர் வெளியேறிச் சுளை சுருங்கும், சர்க்கரையின் பெரும்பகுதி வெளியிலேயே நிற்கும். வெப்பம் அந்தச் சவ்வைக் குலைக்கிறது. பிறகு ஒரே வழியில் நீர் வெளியே வர, சர்க்கரை உள்ளே போகிறது. நறுக்கிய பழத்தைக் கறுக்கவைக்கும் நொதிகளும் அந்தச் சூட்டில் செயலிழக்கின்றன.

ஆறிய சுளைகளில் முக்கால் கிலோ சர்க்கரையைக் கலந்து மூடி வைத்தால், சொட்டு நீர் ஊற்றாமலே மறுநாள் காலையில் சுளைகள் பாகில் மிதக்கும். அத்தனையும் நெல்லிக்குள் இருந்த நீர். காயின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீர்தான் என்பது அப்போது கண்ணுக்கே தெரியும். 1966-ல் அமெரிக்காவில் பாண்டிங் என்பவரும் சக ஆய்வாளர்களும் பழத்துண்டுகளைச் சர்க்கரையில் ஊறவைத்து, அடுப்போ வெயிலோ இல்லாமலே அவற்றின் எடையைப் பாதியாகக் குறைக்கலாம் என்று காட்டினார்கள். சவ்வூடு உலர்த்தல் என்ற பெயரில் இன்று அது தொழிற்சாலை முறை.

அதன் பிறகு பொறுமை வேண்டும். பாகை மட்டும் வடித்து, கொதிக்கவைத்துச் சற்றுச் சுண்டவிட்டு, ஆறியபின் சுளைகளின் மேல் ஊற்ற வேண்டும். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். எடுத்த எடுப்பிலேயே கெட்டிப்பாகில் போட்டால் சர்க்கரை உள்ளே போகும் வேகத்தைவிட நீர் வெளியேறும் வேகம் அதிகமாகி, சுளை சுருங்கித் தோல் போலாகிவிடும். பாகு படிப்படியாகக் கெட்டியானால் சுளை உப்பிய வடிவம் குலையாமல் இருக்கும். ஆக்ராவின் பேட்டா இனிப்புக்கு நீர்ப்பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பதும் வடிவம் குலையாமல் இருக்கத்தான். சுண்ணாம்பின் கால்சியம் செல்சுவரின் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்குகிறது. வீட்டு நெல்லிக்கு அது அவசியமில்லை.

கடைசி நாளில் பாகு ஒற்றைக் கம்பிப் பதத்துக்கு வர வேண்டும். அந்தப் பதத்தில் பாகு ஏறத்தாழ 105 பாகை செல்சியஸில் கொதிக்கும். தூய நீர் 100-ல் கொதிக்க, பாகு மட்டும் ஏன் 5 பாகை கூடுதலாகக் கேட்கிறது? சர்க்கரையோடு பிணைந்த நீர் ஆவியாகி வெளியேற அதிக வெப்பம் வேண்டும். நுண்ணுயிருக்கு எட்டாமல் நீரை நிறுத்தும் அதே பிணைப்புத்தான் இதுவும். 105 பாகையில் தூய நீரின் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 1.19 மடங்கு. அந்த வெப்பத்தில் பாகின் அழுத்தமோ வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். ஒன்றை 1.19-ஆல் வகுத்தால் 0.84 வரும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே பாகை இழுத்துக் கம்பி பார்க்கிறவர் நீர்ச் செயல்பாட்டைத்தான் அளந்துகொண்டிருக்கிறார்.

நெல்லியின் புளிப்பும் சும்மா இருப்பதில்லை. குலாப் ஜாமூன் பாகில் எலுமிச்சம்பழம் பிழிவது சர்க்கரை பூக்காமல் இருக்க. அமிலத்தோடு கொதிக்கும்போது சர்க்கரையின் ஒரு பகுதி குளுகோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைகிறது. ஒன்று இரண்டானால் துகள்களும் இரட்டிப்பு, நீர்ச் செயல்பாடு இன்னும் இறங்கும். நெல்லிப் பாகுக்கு எலுமிச்சை வேண்டாம், அமிலம் காயிலேயே இருக்கிறது. சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடுகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். உடைந்த சர்க்கரைகள் வெல்லத்தில் இயல்பாகவே உண்டு, அவை காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். ஆகவே வெல்ல நெல்லி காய அதிக நாள் எடுக்கும், மழைக்காலத்தில் பிசுபிசுக்கும்.

தேன் ஏன் பொங்குகிறது

பெயர் தேன் நெல்லி என்பதால் பச்சை நெல்லியை நேராகத் தேனில் போட்டு வைப்பவர்கள் பலர். சில நாளில் நுரை கட்டி, மூடி திறந்தால் புஸ்ஸென்று கள் வாடை அடிக்கும். தேன் கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ நெல்லிச் சுளையில் 800 கிராம் நீர். ஒரு கிலோ தேனில் 180 கிராம். இரண்டும் கலந்து சமநிலைக்கு வந்தால் 2 கிலோவில் 980 கிராம் நீர், அதாவது 49 சதவீதம். தேனில் இயல்பாகவே உறங்கிக் கிடக்கும் ஈஸ்ட், நீரின் அளவு 20 சதவீதத்தைத் தொடும்போதே விழித்துக்கொள்ளும். இங்கே கிடைப்பது அதைப்போல் இரண்டரை மடங்கு. சுத்தமான தேனும் பொங்கத்தான் செய்யும்.

பாகில் ஊறி, வெயிலில் காய்ந்த சுளையைத் தேனில் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் இதே விதிதான். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, தேன், நெய், ஏலக்காய், கற்கண்டு என எத்தனையோ சேரும் அதில் நீர் மட்டும் சேர்ப்பதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதம் செயற்கைப் பதப்பொருள் இல்லாமல் நாள்படத் தாங்குவதில் இதற்குப் பெரும் பங்குண்டு. யாழ்ப்பாணத்துப் பாணிப் பனாட்டு எதிர்த்திசையில் நடந்து அதே இடத்துக்கு வருகிறது. பனம்பழக் களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்துப் பனாட்டாக்கி, பிறகு பனம்பாணியில் ஊறப்போடுவார்கள். நெல்லியில் இனிப்பு முதலில், வெயில் பின்னர். பனாட்டில் வெயில் முதலில், இனிப்பு பின்னர்.

மாடியும் காற்றும்

பாகிலிருந்து எடுத்த சுளைகளை வெந்நீரில் ஒரு முறை அலசி, வடித்து, துணியில் பரப்பி, மேலே மெல்லிய துணியால் மூடிக் காயவைக்க வேண்டும். அலசாவிட்டால் மேலே ஒட்டிய பாகு கெட்டியாகி உள்ஈரத்தை அடைத்துவிடும்.

எந்த மாதத்தில் காயவைப்பது? இதற்கும் நீர்ச் செயல்பாடே பதில் சொல்கிறது. ஒரு பண்டத்தின் நீர்ச் செயல்பாட்டை நூறால் பெருக்கினால், அது எந்தக் காற்று ஈரப்பதத்தோடு சமநிலை கொள்ளும் என்பது கிடைக்கும். நெல்லியை 0.65-க்குக் கொண்டுவர வேண்டுமென்றால் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். சித்திரை, வைகாசிப் பிற்பகல்களில் டெல்டாக் காற்று அப்படி இருக்கும். கார்த்திகை அடைமழையில் 85-ஐத் தாண்டும். அன்று மாடியில் பரப்பிய நெல்லி காயாது, காற்றிலிருந்து நீரை வாங்கும். பகலில் காய்ந்த வற்றலைப் பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துவிடும் வழக்கத்தின் நியாயமும் இதுவே. இரவில் வெப்பம் இறங்க இறங்க ஈரப்பதம் ஏறும், பகலில் போன நீர் திரும்பி வரும்.

சூரிய உலர்த்தி செய்யும் மாயமும் இதில்தான் இருக்கிறது. 30 பாகையில் 75 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை, நீர் சேர்க்காமல் 50 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 26 சதவீதமாகிவிடும். காற்றிலிருந்த நீர் எங்கும் போகவில்லை, கூடுதல் நீரை ஏற்கும் கொள்ளளவுதான் பெருகியது. உலர்த்துவது பற்றிப் பேசும்போது தஞ்சையை விட முடியாது. ஈர நெல்லின் சிக்கலைத் தீர்க்க நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிய நிறுவனம், பல பெயர் மாறி 2021-ல் தேசிய முக்கியத்துவம் பெற்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாகத் தஞ்சாவூரில் இயங்குகிறது. நெல்லுக்காகப் பிறந்த அறிவு இன்று பழத்துக்கும் பயன்படுகிறது.

வெயில் அதிகமானால் நல்லதென்றும் இல்லை. சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகளைப் பாருங்கள். மெழுகுச் சிலையின் மேல் காவிரி வண்டலைப் பூசும்போது அந்த முதல் பூச்சை வெயிலில் வைப்பதில்லை, நிழலில்தான் உலர்த்துகிறார்கள். மேற்பரப்பு விரைந்து காய்ந்து உள்ளே ஈரம் தங்கினால் மண் வெடிக்கும், வார்ப்பு கெடும். நெல்லிக்கும் அதேதான். உள்ளிருந்து நீர் வெளியே வரும் வேகத்தை மிஞ்சி மேற்பரப்பு காய்ந்தால், தோல் இறுகி உள்ஈரத்தைப் பூட்டிவிடும். வெளியே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், டப்பாவில் போட்ட சில வாரத்தில் பூஞ்சை பூக்கும். உக்கிர வெயிலில் சில மணி நேரம் வைத்தபின் நிழலில் காற்றாட விடுவது மேல். வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும், பிதுக்கினால் ஈரம் கசியக் கூடாது, கையில் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

பாத்திரத்தில் கவனம்

கும்பகோணம் பித்தளைப் பாத்திரத்துக்குப் பெயர்போன ஊர். ஆனால் ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் நெல்லியைக் கிண்டக் கூடாது. புளிப்பு செம்பைக் கரைத்து உணவில் சேர்க்கும். கரைந்த செம்பு மிகச் சிறிதளவே ஆனாலும் வைட்டமின் சி ஆக்சிஜனேற்றம் அடைவதைத் துரிதப்படுத்தும். இரும்புக் கத்தியும் வாணலியும் வேறு வேலை செய்யும். நெல்லியின் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் இரும்போடு சேர்ந்தால் மை போல் கறுக்கும். ஐரோப்பியர் பல நூற்றாண்டு எழுதிய மை இந்த வினையில் விளைந்ததுதான். எவர்சில்வரே போதும்.

என்ன மிஞ்சுகிறது

தேன் நெல்லியை மருந்தென்று விற்கிறார்கள். நெல்லியின் பெருமை பொய்யல்ல. 1939-40-ல் வட இந்தியாவின் ஹிசார் பகுதியைப் பஞ்சம் தாக்கியபோது, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயை நெல்லி கொடுத்துக் குணப்படுத்தினார்கள். ஆனால் நாம் அதை வேகவைத்தோம், ஊறவைத்தோம், பாகைக் கொதிக்கவிட்டோம், வெயிலில் காட்டினோம். ஒவ்வொரு படியிலும் வைட்டமின் சி குறைகிறது. நீரில் போட்டு வேகவைக்காமல் ஆவியில் வேகவைத்தால் இழப்பு குறையும். பாகில் கரைந்து போனதை மீட்க, மீந்த பாகைக் கொட்டாமல் நீர் கலந்து சர்பத்தாகக் குடிக்கலாம்.

மிஞ்சுகிற துண்டில் எடைக்கு அறுபது, எழுபது சதவீதம் சர்க்கரை. 10 கிராம் துண்டில் 6, 7 கிராம். சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் தந்த அறிவுரையின் சாரம். நான்கு துண்டு தின்றால் அந்த 25 முடிந்தது. சர்க்கரை நோயாளிக்கு இது நெல்லிக்காய் அல்ல, மிட்டாய். தேனில் ஊறியதை ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் அந்தக் குடலில் முளைத்துவிடக்கூடும்.

சர்க்கரையைக் குறைக்க முடியாதா? முடியும். ஜெர்மன் விஞ்ஞானி லோதர் லைஸ்ட்னர், ஒரே பெரிய தடைக்குப் பதில் பல சிறு தடைகளைச் சேர்த்துப் போட்டு நுண்ணுயிரை நிறுத்தலாம் என்ற கருத்தை வளர்த்தெடுத்தார். நெல்லியின் புளிப்பு ஏற்கெனவே ஒரு தடை. சர்க்கரையைப் பாதியாக்கி, அந்தக் குறையை அதிகம் காயவைத்தும் குளிர்பெட்டியில் வைத்தும் ஈடுகட்டலாம். துண்டு கொஞ்சம் கடினமாக இருக்கும், வெளியே வைத்தால் அவ்வளவு நாள் தாங்காது. ஒரு வருடம் அலமாரியில் இருக்க வேண்டிய கடைச் சரக்குக்கு அந்த வசதி இல்லை, அதனால் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். ஒரு மாதத்தில் தின்று தீர்க்கப் போகிற வீட்டுச் சரக்குக்கு அத்தனை எதற்கு?